காரில் பிள்ளைக்குத் தனி சீட்



நம் மஹல்லாவில் கார் வாங்கும் குடும்பங்கள் பெருகிவிட்டன. ஆனால் கைப்பிள்ளையை முன்சீட்டில் உம்மாவின் மடியில் வைத்துக்கொண்டு போகும் வழக்கம் மட்டும் மாறவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறோம். 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், 10 கிலோ பிள்ளை ஏறத்தாழ 140 கிலோ பாரம்போல் முன்னால் பாயும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே!

சட்டமும் இதைக் கேட்கிறது. 2019 திருத்தத்தின்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை பெல்ட்டோ உரிய சீட்டோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம்.

சீட்டை வயது பார்த்தோ நிறம் பார்த்தோ வாங்காதீர்கள். பிள்ளையின் எடையும் உயரமும்தான் கணக்கு. ஏஐஎஸ்-072, ஆர்44, ஆர்129 ஆகிய தரங்களில் ஒன்று லேபிளில் இருக்க வேண்டும். சிறு பிள்ளைக்குத் தலை கனம், கழுத்து இளசு. அதனால் காரின் பின்பக்கம் பார்த்து உட்காரும் சீட்டே முதலில் வேண்டும். மோதலின்போது முதுகு முழுவதும் அடியைப் பகிர்ந்துகொள்ளும். ஆர்129 தரம் 15 மாதம் வரையாவது இப்படித்தான் என்கிறது. சீட்டின் அளவு இடம் கொடுக்கும்வரை அதற்குப் பிறகும் தொடர்வதே நல்லது. கால் மடங்குகிறதே என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதனால் கெடுதல் இல்லை.

ஏர்பேக் வேலை செய்யும் முன்சீட்டில் இந்த சீட்டை ஒருபோதும் வைக்கக் கூடாது. ஏர்பேக் வெடித்து விரியும்போது நேராகப் பிள்ளையின் தலைப்பக்கம்தான் அடிக்கும். பின்சீட்டே இடம்.

வாங்குமுன் உங்கள் காரிலேயே பொருத்திப் பாருங்கள். ஐசோஃபிக்ஸ் கொக்கி இருந்தால் வேலை எளிது; இல்லாவிட்டால் காரின் பெல்ட்டால் கட்டும் சீட் வாங்கலாம். கட்டிய பிறகு அசைத்தால் ஆடக் கூடாது. கல்யாண வீட்டுக்குப் போகும்போது பிள்ளையைத் துணியில் சுற்றி, அதன்மேல் வாரை மாட்டுகிறோம். அப்போது வார் தளர்ந்தே நிற்கும். முதலில் வார், அதன்மேல் போர்வை.

தொட்டிலைப்போல் சீட்டையும் உறவுகளுக்குள் கைமாற்றிக்கொள்வது செலவைக் குறைக்கும். ஆனால் விபத்தில் சிக்கிய சீட் வேண்டாம். வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் உள்ளே விரிசல் இருக்கலாம். லேபிள் கிழிந்ததும், முன்பு யாரிடம் இருந்தது என்று தெரியாததும் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.