மாணவரும் சமூகத் தொழில்முனைவும்

பல்கலைக் கழகப் படிப்பை முடித்த மகனோ மகளோ, கிடைத்த உத்தியோகத்தை வேண்டாமென்று தள்ளிவிட்டு, எளிய மக்களுக்குப் பயன்படும் தொழில் ஒன்றைத் தொடங்கப் போவதாகக் கூறினால் வீட்டார் திகைப்பது இயல்பே. பிழைப்பை நாடிப் பிற மாநிலம் வந்து குடியேறிய நம் குடும்பங்களில் இத்திகைப்பு இன்னும் பெரிது. முதற் பட்டதாரியின் முதற் சம்பளத்தை நம்பி, வாங்கிய கடனுக்குத் தவணை குறித்து வைத்திருப்போம். ஆதலின், அவ்விளைஞரை உந்துவது யாது என ஆராய்தல் நமக்கு வீண் வேலையன்று.

சமூகத் தொழில்முனைவு என இன்று வழங்குவது தருமம் அன்று. வெறும் வாணிபமும் அன்று. மக்களின் குறை ஒன்றைத் தீர்க்கும் பொருளையோ பணியையோ உரிய விலைக்கு அளித்து, அவ்வருவாயிலேயே நிலைத்து நிற்க முயலும் முயற்சி அது. நன்கொடை நின்றால் தருமம் நின்றுவிடும். இதுவோ வாங்குவோர் உள்ளவரை நடக்கும்.

பெங்களூரில் ஓசூர்ச் சாலையை ஒட்டிய பொம்மனஹள்ளியை எடுத்துக்கொள்வோம். 2007ஆம் ஆண்டில் பெங்களூர் மாநகராட்சியோடு இணைக்கப்படும்வரை தனி நகரசபையாக இருந்த ஊர் இது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் நிறைந்த வட்டாரம். தொழிலாளரில் பெரும்பாலோர் பெண்கள். 2016 ஏப்ரல் 18ஆம் நாள் ஆயிரக்கணக்கில் அப்பெண்கள் இச்சாலையில் இறங்கி மறித்தனர். சேமநல நிதியில் முதலாளி செலுத்திய பங்கை 58 வயதுவரை எடுக்கலாகாது என்ற புதிய விதியே காரணம். வேலையை விடும்போது கைக்கு வரும் அத்தொகைதான் பலருக்குப் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் மகளின் திருமணச் செலவும். மறுநாளே மத்திய அரசு விதியைத் திரும்பப் பெற்றது. இத்தகைய தாயொருத்தியின் பிள்ளை கல்லூரியில் பொருளாதாரம் பயில்கிறான் என வைத்துக்கொள்வோம். சிறுசேமிப்பு என்பது அவனுக்குப் பாடநூலின் ஓர் அதிகாரம் அன்று, வீட்டுக் கதை.

ஆராய்ச்சியாளரும் இதனையே காண்கின்றனர். ஜொஹானா மெயர், எர்னெஸ்டோ நொபோவா ஆகிய இருவர் 2006ஆம் ஆண்டில், பிறர் துயர் உணர்தல், அறக்கடமை உணர்வு, தன் திறத்தில் நம்பிக்கை, சுற்றத்தாரின் துணை என நான்கினை எடுத்துக் கூறினர். கய் ஹாக்கர்ட்ஸ் 2017இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டிற்று: சமூகக் குறைகளோடு முன்னரே நேரிற் பழகியவர்களே இத்துறையை மிகுதியும் நாடுகின்றனர். 'என்னால் இயலும்' என்ற துணிவுக்கு அவ்வாய்வில் தனி வலிமை காணப்பட்டது. இரக்கம் இல்லாத மாணவர் அரியர். இரக்கத்தோடு நின்றுவிடுவோரே மிகப் பலர்.

ஹரீஷ் ஹாண்டேயின் வரலாறு இதற்குத் தக்க சான்று. கரக்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று, அமெரிக்காவில் சூரிய சக்தி ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த மாணவர் அவர். டொமினிக்கன் குடியரசுக்குச் சென்றபோது, ஏழை மக்கள் தம் காசைக் கொடுத்தே சூரிய விளக்கு வாங்கி எரிப்பதைக் கண்டார். தம் ஆராய்ச்சியின் போக்கையே மாற்றிக்கொண்டு, இலங்கையிலும் இந்தியாவிலும் மின்சாரமில்லாக் கிராமங்களில் தங்கினார். 1995இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு செல்கோ நிறுவனத்தைத் தோழர் ஒருவருடன் தொடங்கினார். தெருவோர வியாபாரி ஒருத்திக்கு மாதம் முந்நூறு ரூபாய் பெருஞ்சுமை, நாளொன்றுக்குப் பத்து ரூபாயோ எளிது என்பதைத் தாம் அவளிடமே கற்றதாக அவர் கூறுவதுண்டு. கணக்கில் இரண்டும் ஒன்றே. ஆயினும் அன்றன்று சம்பாதிப்பவருக்கு ஒன்றல்ல என்பதை வகுப்பறையில் யார் சொல்லித் தருவார்? கிராம வங்கிக் கடனை வாங்குவோரின் வருமானத்துக்கு இசையத் தவணை பிரித்ததே அந்நிறுவனத்தின் உயிர்நாடி.

அப்பாதையும் மலர் விரித்ததாக இருக்கவில்லை. ஜெர்மனியில் தேவை பெருகிச் சூரியத் தகடுகளின் விலை ஏறிய காலத்தில் செல்கோவும் நட்டங்கண்டது. மக்சேசே விருது அவருக்குக் கிட்டியது 2011இல். தொடங்கிப் பதினாறு ஆண்டுகள் கழித்து.

போட்டிப் பரிசுக்காகவும், வேலை விண்ணப்பத்தில் ஒரு வரி கூடுமென்றும் இத்துறையில் எட்டிப் பார்ப்போரும் உளர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் பரிசளிப்பு விழா முடிந்ததும் அவர்தம் திட்டமும் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

ஆய்வாளர் கூறிய நான்காவது காரணமாகிய சுற்றத்தாரின் துணை நம் கையில் உள்ளது. 'நல்லெண்ணம் சோறு போடுமா?' என்று கேட்பதைவிட, இம்மக்களிடையே எத்தனை மாதம் பழகினாய், இப்பொருளைக் காசு கொடுத்து வாங்க முன்வந்த பத்துப் பேர் யாவர், முதலாண்டுச் செலவுக்கு வழி என்ன, நம் வீட்டுக் கடன் தவணையில் உன் பங்கு எவ்வளவு என்று கேட்கலாம். முதல் இரண்டுக்கும் விடையில்லையேல், பொம்மனஹள்ளி போன்றதோர் இடத்தில் ஆறுமாதம் சம்பளத்துக்கு வேலை பார்த்து வரும்படி சொல்வதில் தவறில்லை.