சதர்ன் பசிபிக் ரயில்வேயின் கீல் இணைப்பு நீராவி எஞ்சின்கள்

சதர்ன் பசிபிக் ரயில்வேயின் கீல் இணைப்பு நீராவி எஞ்சின்கள் முதன்மையாக அமெரிக்காவின் சியரா நெவாடா மலைப்பாதையில் கனமான ரயில்களை இழுப்பதற்காக வாங்கப்பட்டவை. இவற்றுள் முதலாவது 1909-இலும் கடைசியானது 1944-இலும் வந்து சேர்ந்தன. வழக்கமான நீராவி எஞ்சினில் புகைபோக்கி முன்னாலும் ஓட்டுநர் அறை பின்னாலும் இருக்கும். இந்த ரயில்வேயின் பெரும்பாலான கீல் இணைப்பு எஞ்சின்களில் அது தலைகீழாக மாறி, ஓட்டுநர் அறை முன்னாலும் புகைபோக்கி பின்னாலும் அமைந்தது. இவ்வகையில் மொத்தம் 256 எஞ்சின்கள் ஓடின. குகைப்பாதைகளில் ஓட்டுநர்கள் மூச்சுவிட முடியாமல் திணறியதே இந்த மாற்றத்துக்குக் காரணம்.

மலையும் பனிக்கூரைகளும்

கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ சமவெளியிலிருந்து கிழக்கே நெவாடா செல்லும் ரயில்பாதை டானர் கணவாய் வழியாக மலையைக் கடக்கிறது. சென்ட்ரல் பசிபிக் நிறுவனம் 1860-களில் இப்பாதையை அமைத்தது. மலையைக் குடைந்த தொழிலாளர்களில் பெரும்பாலோர் சீனர்கள். 1885-இல் இப்பாதை குத்தகை முறையில் சதர்ன் பசிபிக்கின் வசம் வந்தது.

மலையடிவாரத்தில் உள்ள ரோஸ்வில் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 50 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவுக்குள் பாதை 2,100 மீட்டர் உயரத்தை எட்டிவிடுகிறது. சில இடங்களில் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் இரண்டு மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருக்கும். சாலையில் இது சிறிய ஏற்றம்தான். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும் ரயிலுக்கு இது மிகக் கடினமான ஏற்றம்.

உச்சிப் பகுதியில் ஆண்டுதோறும் சராசரியாக 10 மீட்டர் அளவுக்குப் பனி பொழிகிறது. பாதை பனியில் புதையாமல் இருக்க, தண்டவாளத்தின் மேல் மரத்தாலான கூரைகளை மைல் கணக்கில் அமைத்தார்கள். குகைகளும் இந்தப் பனிக்கூரைகளும் சேர்ந்து சுமார் 60 கிலோமீட்டர் நீளத்துக்கு இருந்தன. பனியைத் தடுத்த அந்தக் கூரைகள், எஞ்சின் கக்கிய புகையையும் வெளியே விடவில்லை.

கீல் இணைப்பு என்றால் என்ன?

எஞ்சினின் இழுவிசை அதிகரிக்க வேண்டுமானால் இயக்குசக்கரங்களின் எண்ணிக்கையும் அவற்றின் மேல் இறங்கும் எடையும் கூட வேண்டும். எல்லாச் சக்கரங்களையும் ஒரே நீண்ட சட்டத்தில் பொருத்தினால் எஞ்சின் வளைவுகளில் திரும்பாது.

சுவிட்சர்லாந்தில் பிறந்த அனடோல் மாலே என்ற பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டு, 1884-இல் காப்புரிமை பெற்றார். ஒரே கொதிகலனின் கீழே இரண்டு சக்கரத் தொகுதிகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி உருளைகளைக் கொடுத்தார். உலையின் கீழே உள்ள தொகுதி கொதிகலனோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருக்கும். மற்றொரு தொகுதி கதவின் கீல் போன்ற ஓர் இணைப்பில் இடமும் வலமும் திரும்பும்.

மாலே நீராவியை இரண்டு முறை வேலை வாங்கினார். கொதிகலனிலிருந்து வரும் நீராவி முதலில் உயர் அழுத்த உருளைகளில் நுழைந்து ஒரு தொகுதியை இயக்கும். அழுத்தம் குறைந்து வெளியேறும் அதே நீராவி, அடுத்த தொகுதியின் பெரிய உருளைகளில் நுழைந்து அதையும் இயக்கும். இதற்குக் கூட்டு விரிவு முறை என்று பெயர். எரிபொருள் மிச்சமாகும், வேகம் மட்டும் குறைவு.

இத்தகைய எஞ்சின்களை நான்கு எண்களால் குறிப்பிடுவார்கள். 2-8-8-2 என்றால் ஒரு முனையில் இரண்டு சிறு சக்கரங்கள், அடுத்து எட்டு இயக்குசக்கரங்கள், மீண்டும் எட்டு இயக்குசக்கரங்கள், மறுமுனையில் இரண்டு சிறு சக்கரங்கள் என்று பொருள்.

1909: முதல் இரண்டு எஞ்சின்கள்

சதர்ன் பசிபிக் 1909-இல் பால்ட்வின் தொழிற்சாலையிலிருந்து 4000, 4001 என்ற எண்களைக் கொண்ட இரண்டு 2-8-8-2 எஞ்சின்களை வாங்கியது. எம்.சி.-1 என்ற வகுப்பைச் சேர்ந்த இவற்றில் ஓட்டுநர் அறை வழக்கம்போல் பின்னால்தான் இருந்தது.

இழுவிசையில் குறை இல்லை. ஆனால் பெரிய உலையிலிருந்து வந்த புகையும் வெப்பமும் பனிக்கூரைகளுக்குள் அடைபட்டு, பின்னால் வந்த ஓட்டுநர் அறையைச் சூழ்ந்துகொண்டன. ஏற்றத்தில் மெதுவாக ஊரும் எஞ்சின் அந்தப் புகையை விட்டு விரைவாக வெளியேறவும் முடியவில்லை. ஊழியர்கள் மூச்சடைத்து மயங்கும் நிலைக்கு ஆளானார்கள்.

முதலில் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார்கள். புகை பின்தங்கிப் போனது. ஆனால் எரிபொருளும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் முன்னால் வந்து பாதையை மறைத்தது. ஓட்டுநர் உட்காரும் இடம் கைகாட்டிகளைப் பார்ப்பதற்கு ஏற்ற பக்கத்தில் இல்லை. ரயிலின் தலையில் வைத்துத் தள்ளுவதற்காக டெண்டர் வடிவமைக்கப்படவில்லை என்பதால் வேகத்தையும் குறைக்க வேண்டியிருந்தது.

ஓட்டுநர் அறை முன்னால் வந்தது

எஞ்சின் பின்னோக்கியே ஓடட்டும், டெண்டரை மட்டும் மறுமுனைக்கு, அதாவது புகைபோக்கி இருக்கும் பக்கத்துக்கு, மாற்றிவிடலாம் என்பதே இறுதியில் கிடைத்த தீர்வு. அதற்கு ஏற்ப ஓட்டுநர் அறையும் கருவிகளும் திருத்தி அமைக்கப்பட்டன. கலிபோர்னியாவிலேயே இதற்கு முன்மாதிரி இருந்தது. நார்த் பசிபிக் கோஸ்ட் என்ற சிறிய ரயில்வேயில் வில்லியம் தாமஸ் என்ற தலைமைப் பொறிவினைஞர், 1901-இல் ஓட்டுநர் அறை முன்னால் அமைந்த ஓர் எஞ்சினை உருவாக்கியிருந்தார்.

இந்த மாற்றம் சாத்தியமானதற்கு எண்ணெய் முக்கியக் காரணம். நிலக்கரி எஞ்சினில் உலையும் டெண்டரும் அடுத்தடுத்து இருந்தாக வேண்டும். ஆனால் கலிபோர்னியாவில் நிலக்கரி அரிது, எண்ணெய் தாராளம். சதர்ன் பசிபிக் எஞ்சின்கள் ஏற்கெனவே எண்ணெயை எரித்துவந்தன. அதனால் டெண்டரிலிருந்து கொதிகலனின் முழு நீளத்தையும் கடந்து, குழாய் வழியாகவே எண்ணெயை உலைக்குக் கொண்டுசெல்ல முடிந்தது. ஏற்றத்தில் டெண்டர் தாழ்வாகவும் உலை உயரமாகவும் இருக்கும் என்பதால், எண்ணெய்த் தொட்டிக்குள் சிறிது காற்றழுத்தம் கொடுத்து எண்ணெயை முன்னே தள்ளினார்கள்.

எம்.சி.-2 வகுப்பின் 15 எஞ்சின்களையும் பால்ட்வின் கட்டிக் கொடுத்தது. மாதிரி எஞ்சின் வந்து சேர்வதற்கு முன்பே மேலும் எஞ்சின்களுக்கு ஆணை கொடுக்கும் அளவுக்கு ரயில்வேக்கு அவசரம் இருந்தது.

முன்னால் கொதிகலன் இல்லாததால், மோதல் நேர்ந்தால் முதல் அடி தங்கள் மேல்தான் விழும் என்று ஊழியர்கள் முதலில் அஞ்சினார்கள். நாளடைவில், புகையும் கொதிகலனும் மறைக்காமல் வளைவுகளையும் கைகாட்டிகளையும் தெளிவாகப் பார்க்க முடிந்தது அவர்களுக்குப் பிடித்துப்போனது.

கூட்டு விரிவிலிருந்து எளிய விரிவுக்கு

1913 வரை எம்.சி.-4, எம்.சி.-6 வகுப்புகளில் மேலும் 32 சரக்கு எஞ்சின்கள் வந்தன. பயணி ரயில்களுக்கென்று எம்.எம்.-2 வகுப்பில் 12 எஞ்சின்கள் வாங்கப்பட்டன. 2-6-6-2 அமைப்பில் வந்த இவை வேகத்தில் நிலைகொள்ளாததால், முன்முனையில் இரண்டு சக்கரங்களைக் கூட்டி 4-6-6-2 ஆக மாற்றினார்கள். எம்.சி.-1 எஞ்சின்கள் இரண்டும் பிற்காலத்தில் ஓட்டுநர் அறை முன்னால் வரும்படி மாற்றியமைக்கப்பட்டன.

1920-களில் கூட்டு விரிவு முறையின் வேகக் குறைவு பெரிய தடையாயிற்று. எனவே நான்கு உருளைகளுக்கும் கொதிகலனிலிருந்து நேரடியாக உயர் அழுத்த நீராவியைக் கொடுக்கும் எளிய விரிவு முறை வந்தது. இவ்வகை எஞ்சின்களுக்கு ஏ.சி. என்று பெயரிட்டார்கள். பழைய எம்.சி. எஞ்சின்களும் இம்முறைக்கு மாற்றப்பட்டு ஏ.சி.-1, ஏ.சி.-2, ஏ.சி.-3 ஆயின. புதிதாகப் பால்ட்வின் கட்டிய 4-8-8-2 எஞ்சின்கள் பின்வருமாறு:

ஏ.சி.-4 (1928): 10
ஏ.சி.-5 (1929): 16
ஏ.சி.-6 (1930): 25
ஏ.சி.-7 (1937): 26
ஏ.சி.-8 (1939): 28
ஏ.சி.-10 (1942): 40
ஏ.சி.-11 (1942-43): 30
ஏ.சி.-12 (1943-44): 20

இந்த 195 எஞ்சின்களில் 90 எஞ்சின்கள் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வந்தவை. பசிபிக் போர்முனைக்கான ஆட்களும் தளவாடங்களும் கலிபோர்னியத் துறைமுகங்களுக்குச் செல்ல இம்மலைப்பாதை மிகவும் தேவைப்பட்டது. நீண்ட சரக்கு ரயில்களில் தலைப்பக்கம் ஓர் எஞ்சினும், நடுவிலும் பின்னாலும் துணை எஞ்சின்களும் சேர்ந்து இழுத்தன.

ஏ.சி.-9 என்ற விதிவிலக்கு

பட்டியலில் விடுபட்ட ஏ.சி.-9 வகுப்பு வேறு மாதிரியானது. லைமா தொழிற்சாலை 1939-இல் கட்டிய இந்த 12 எஞ்சின்களும் 2-8-8-4 அமைப்பில், வழக்கம்போல் ஓட்டுநர் அறை பின்னால் இருக்கும்படி வந்தன. எல் பாசோவுக்கும் நியூ மெக்சிகோவின் டுகும்காரிக்கும் இடையே நிலக்கரி எளிதில் கிடைத்ததால், அங்கே நிலக்கரி எரிக்கும் எஞ்சின்களை ஓட்டினார்கள். நிலக்கரி என்றதும் ஓட்டுநர் அறை மீண்டும் டெண்டருக்கு அருகில் போய்விட்டது. இந்த எஞ்சின்களில் ஒன்றுகூட இன்று இல்லை.

எண்ணெயால் வந்த ஆபத்து

புகையிலிருந்து ஊழியர்களைக் காத்த அதே எண்ணெய் ஒருமுறை உயிர்களையும் பறித்தது. 1941-இல் தெற்குக் கலிபோர்னியாவின் சாண்டா சுசானா அருகே ஒரு குகைக்குள், எஞ்சினிலிருந்து கசிந்த எண்ணெய் தண்டவாளத்தில் படிந்து சக்கரங்கள் வழுக்கின. ரயிலின் இணைப்பு அறுந்தது. எண்ணெயில் தீப்பற்றி எஞ்சின் ஊழியர்கள் இறந்தனர்.

முடிவும் எஞ்சிய ஒன்றும்

போருக்குப் பின் டீசல் எஞ்சின்கள் வந்தன. பல டீசல் எஞ்சின்களை ஒன்றாகப் பிணைத்து ஒரே குழுவினர் ஓட்டலாம். வழியில் நின்று தண்ணீர் நிரப்ப வேண்டியதில்லை, பராமரிப்பும் எளிது. 1950-களில் நீராவி எஞ்சின்கள் ஒவ்வொன்றாக உடைக்கப்பட்டன.

256 எஞ்சின்களில் எஞ்சியது ஒன்றே. 1944 மார்ச்சில் வந்த ஏ.சி.-12 வகுப்பின் 4294 எண் எஞ்சின் அது. இவ்வகையில் கடைசியாகக் கட்டப்பட்டதும் அதுவே. டெண்டரோடு சேர்த்து அதன் நீளம் சுமார் 38 மீட்டர். எரிபொருளும் தண்ணீரும் நிரம்பிய நிலையில் எடை ஏறத்தாழ 475 டன். டெண்டரில் 83,000 லிட்டர் தண்ணீரும் 23,000 லிட்டர் எண்ணெயும் கொள்ளும். கொதிகலனின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 250 பவுண்டு. இழுவிசை 1,24,300 பவுண்டு.

1958-இல் சாக்ரமெண்டோ நகருக்கு வழங்கப்பட்ட இந்த எஞ்சின், இப்போது அந்நகரில் உள்ள கலிபோர்னியா மாநில ரயில்வே அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 1981-இல் இதைப் பொறியியல் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. பார்வையாளர்கள் இதன் ஓட்டுநர் அறையின் முன்பக்கச் சன்னல்களையும், அதற்கு வெகு தொலைவில் மறுமுனையில் இருக்கும் புகைபோக்கியையும் இன்றும் பார்க்கலாம்.