வண்டிக்கு அடியில் ஒரு தகடு



காரை எல்லாரும் முன்னால் நின்று பார்ப்போம். அதன் கண்ணாடியில் தலைகூடச் சீவிக்கொள்வோம். அடியில் குனிந்து பார்த்தவர்கள் நம் பள்ளியில் எத்தனை பேர்? 2024 நவம்பர் வரைக்கும் நானும் பார்த்தது கிடையாது. பார்க்க வைத்தது கொல்லிமலையில் கிடந்த ஒரு கல்.

என் தாய்மாமா கொல்லிமலையில் இருக்கிறார். காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளும் தார் ரோடுதான். தொல்லையெல்லாம் அதுக்கு அப்புறம். மெயின் ரோட்டிலிருந்து மாமா தோட்டம் வரை மண் பாதை. ஐப்பசி மழை மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும், கல் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பக்கம் ராத்திரியில் யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் மாமா வண்டியைத்தான் கூப்பிடுவார்கள். பழைய வண்டியாக வாங்கிய சின்ன எஸ்.யு.வி., டீசல், முன்சக்கரம் மட்டும் இழுக்கும். (எந்தக் கம்பெனி என்று எழுதாதே என்று மாமா சொல்லிவிட்டார். தப்பு வண்டி மேலே இல்லை என்பது அவர் கட்சி.)

அன்றைக்கு நான் முன்சீட்டில் இருந்தேன். ஒரு பள்ளத்தில் இறங்கும்போது அடியில் 'டங்' என்று ஒரு அடி. கொஞ்ச தூரம் போனதும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. ஆயில் கேன் படம் போட்ட விளக்கு. மாமா கண் முழுக்கப் பாதையில். நான் பார்த்தேன். ஏதோ ஒரு விளக்கு என்று சும்மா இருந்துவிட்டேன். அப்புறம் இன்ஜினிலிருந்து 'டொக் டொக்' சத்தம் வந்தது. மாமா நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்தால், வந்த வழி முழுக்கக் கருப்பாக ஆயில் கோடு.

இன்ஜினுக்குக் கீழே ஒரு தொட்டி இருக்கிறது. ஆயில் சம்ப் என்பார்கள். சுமார் 4 லிட்டர் ஆயில் அதில் கிடக்கும். பம்பு அதை உறிஞ்சி மேலே எல்லா பேரிங்குக்கும் அனுப்புகிறது. கிராங்க் ஷாஃப்ட் உண்மையில் இரும்பின் மேல் சுற்றவில்லை, மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் சுற்றுகிறது. ஆயில் போனால் உலோகமும் உலோகமும் உரசும், சூடேறி ஒட்டிக்கொள்ளும். சிவப்பு விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை. அழுத்தம் ஏற்கெனவே விழுந்துவிட்டது என்று சொல்கிறது. எரிந்த உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும். மாமாவுக்கு பேரிங்கெல்லாம் போய், கிராங்க் வரை வேலை வைத்துவிட்டது. வரப்போகிற மிளகுக் காசு முன்னாடியே கடனாகப் போச்சு.

சில வண்டிகளில் சம்ப் தகட்டால் ஆனது, சிலவற்றில் வார்ப்பு அலுமினியம். வார்ப்பு அலுமினியம் கல் பட்டால் விரிசல் விடும். தகடு நசுங்கும். நசுங்கினால் ஒழுகாதே, நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். பம்பின் உறிஞ்சு குழாய் சம்பின் அடியை ஒட்டித்தான் இருக்கும். அடி மேலே எழும்பி அந்த வாயை அடைத்துவிட்டால், ஒரு சொட்டுக்கூட ஒழுகாமலே இன்ஜினுக்கு ஆயில் கிடைக்காமல் போகும்.

இப்போது எல்லாரும் கேட்கும் கேள்வி: "எஸ்.யு.வி.க்குத்தான் முன்னாலேயே வெள்ளித் தகடு இருக்கே?" போய்த் தட்டிப் பாருங்கள். பெரும்பாலான சின்ன எஸ்.யு.வி.களில் பம்பருக்குக் கீழே மின்னும் அந்தத் தகடு பிளாஸ்டிக். அழகுக்கு வைத்தது. அதுக்குப் பின்னால் இன்ஜினுக்கு அடியில் இருக்கும் கருப்பு மூடியும் பல வண்டிகளில் பிளாஸ்டிக்தான். சேறும் தண்ணியும் தெறிக்காமல் இருக்க அது போதும், கல்லுக்குப் போதாது.

அதனால் தகடு போடுவது என்று முடிவானது. என் சித்தப்பா நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வெல்டர். லாரி பாடிக்கு நாமக்கல் பெயர் போன ஊர் என்பது உங்களுக்கே தெரியும். அரையாண்டு லீவில் நானும் கூடப் போனேன். மாமாவுக்கு அவசரம். "மச்சான், இருக்கிறதிலேயே கனமான தகடா போட்டு விடுங்க" என்றார். அப்படியே 5 மி.மீ. இரும்புத் தகட்டை 70 செ.மீ.க்கு 60 செ.மீ. வெட்டி, தட்டையாக, நாலு போல்ட்டில் மாட்டியாகிவிட்டது.

அது சரியாக வரவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு நாலு மாதம் ஆனது.

முதலில் எடை. கணக்குப் போடுங்கள். 70 × 60 × 0.5 என்றால் 2100 கன செ.மீ. இரும்பின் அடர்த்தி 7.85. ஆக 16 அரை கிலோ. நாலு போல்ட்டும் இந்த எடையைக் குலுங்கக் குலுங்கத் தாங்க வேண்டும். இரண்டாவது, சம்புக்கும் தகட்டுக்கும் 1 செ.மீ. இடைவெளிதான் விட்டிருந்தோம். இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, ஆடும். தகடும் கல் பட்டால் வளையும். ரெண்டும் சந்தித்துக்கொண்டால், கல் அடிப்பதற்குப் பதில் தகடு சம்பை அடிக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். மூன்றாவது, போல்ட் தலைகள் கீழே துருத்திக்கொண்டிருந்தன. கல்லில் உரசி உரசி ரெண்டு தலை மொட்டையாகிவிட்டது, ஸ்பேனர் பிடிக்கவில்லை. நாலாவதுதான் பயமானது. ரிப்பேர் செய்த சம்பின் பேக்கிங்கில் லேசாக ஆயில் கசிந்திருக்கிறது. சொட்டு தரையில் விழுந்தால் காலையில் தெரிந்திருக்கும். விழுந்ததெல்லாம் தகட்டின் மேல் சேற்றோடு சேர்ந்து களியாகக் கிடந்தது. காப்பாற்றப் போட்ட தகடே நோயை மறைத்து வைத்திருந்தது.

2025 மே மாதம் எல்லாவற்றையும் கழற்றி, புதிதாகச் செய்தோம்.

இரும்பா, அலுமினியமா என்று ஒரு நாள் முழுக்கப் பேச்சு. 3 மி.மீ. இரும்பு என்றால் அதே அளவுக்கு 10 கிலோ வரும். 5 மி.மீ. அலுமினியம் 5.7 கிலோதான். அலுமினியத்தின் மீள்மை இரும்பில் மூன்றில் ஒரு பங்கு என்று எங்கள் இயற்பியல் பாடத்தில் அட்டவணையே இருக்கிறது. ஆனால் தகட்டின் விறைப்பு கனத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 5-ஐ 3-ஆல் வகுத்து மும்மடி போட்டால் 4.6. மூன்றில் ஒரு பங்கு என்றாலும் அலுமினியமே ஒன்றரை மடங்கு விறைப்பு! நான் இதைச் சொன்னதும் சித்தப்பா சிரித்தார். "கணக்கு சரிதான் கண்ணு. மலையில வளைஞ்சா உங்க மாமன் சுத்தியல்ல தட்டி நிமித்த முடியுமா? இரும்பை மூலைக்கு மூலை ஒட்டலாம். அலுமினியத்தை ஒட்ட ஆர்கான் கேஸ் வேணும்." கூரான கல் அலுமினியத்தைச் சுரண்டிப் பள்ளம் பறிக்கும், இரும்பு வழுக்கிக்கொண்டு போகும் என்றும் சொன்னார். ஆக 3 மி.மீ. இரும்பு. தட்டையாக விடாமல், லாரியின் பக்கத் தகட்டில் வருவது மாதிரி நீளவாக்கில் ரெண்டு வரிப்பள்ளம் மடித்தார். ஒரு தாளை நேராகப் பிடித்தால் தொங்கும், விசிறி மடிப்பு மடித்தால் நிற்கும் இல்லையா, அதேதான்.

எங்கே மாட்டுவது என்பது அடுத்தது. தார், 2023-இல் வந்த ஜிம்னி மாதிரி வண்டிகளுக்கு அடியில் லாரியைப் போலவே ஏணிச் சட்டம் உண்டு. தாராளமாகப் பிடிக்கலாம். மாமா வண்டி அப்படி இல்லை. உடம்பே சட்டம், மோனோகாக் என்பார்கள். அதில் இன்ஜினைத் தாங்கும் சின்ன சப்ஃபிரேம் ஒன்று இருக்கிறது. அதில் கம்பெனியே போட்ட மரை ஓட்டைகளில்தான் மாட்டினோம். வெல்டிங் கூடாது. சூட்டில் அந்த இரும்பின் பலமும், துருப் பூச்சும் போய்விடும். வெல்டர் வாயாலேயே இதைக் கேட்டது எனக்கு ஆச்சரியம். "லாரி பாடியையே சேசிஸ்ல யு-போல்ட் போட்டுத்தான் கட்டுறோம்டா" என்றார். பம்பருக்குப் பின்னால் மோதலின்போது நசுங்குவதற்கென்றே ஒரு பகுதி உண்டு. தகட்டை அதோடு சேர்த்துக் கட்டி இறுக்கிவிடக் கூடாது.

ஆறு போல்ட், தலையில் 8.8 என்று பொறித்தது. முதல் 8 என்றால் ஒரு சதுர மி.மீ.க்கு 800 நியூட்டன் இழுவை தாங்கும், அடுத்த .8 என்றால் அதில் 80 சதவீதத்தில் நிரந்தரமாக நீளத் தொடங்கும். போல்ட் இருக்கும் இடத்தில் தகட்டைக் குழித்து, தலை உள்ளே போகும்படி செய்தோம். சப்ஃபிரேமுக்கும் தகட்டுக்கும் நடுவில் ரப்பர் வாஷர், கடகட சத்தம் போச்சு. சம்புக்குக் கீழே 3 செ.மீ. இடைவெளி. ஆயில் கழற்றும் போல்ட்டுக்கு நேரே ஒரு ஓட்டை, சேறும் தண்ணியும் இறங்க, காற்றுப் போக நீள ஓட்டைகள். முன் ஓரம் சறுக்குப் பலகை மாதிரி மேலே வளைந்திருக்கும். கியர்பாக்ஸுக்குத் தனியாக இன்னொரு சின்னத் தகடு. ரெண்டும் சேரும் இடத்தில் முன் தகடுதான் கீழே வர வேண்டும், பின் தகட்டின் முனை அதற்கு மேலே ஒளிந்துகொள்ள வேண்டும். மாற்றிப் போட்டால் கல் அந்த முனையில் மாட்டி இழுக்கும். (பக்கத்தில் நான் வரைந்த படத்தில் அம்புக்குறியைப் பார்க்கவும். சக்கரம் கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.)

சைலன்சர் குழாயை மட்டும் மூடவே கூடாது. புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி பல நூறு டிகிரி சூடாகும். தகட்டுக்கு மேலே காய்ந்த புல் சேர்ந்தால் தீப்பிடிக்கும். அதனால் வாரம் ஒரு தடவை குனிந்து சுத்தம் செய்வது என் வேலை, மாமா வீட்டில் இருக்கும்போது.

தகடு இருக்கிறதே என்று மாமா இப்போதும் கல்லின் மேல் ஏறி விளையாடுவதில்லை. பெரிய கல்லை வண்டிக்கு நடுவில் விட்டுத் தாண்டினால்தான் அடி படும், டயரை அதன் மேல் ஏற்றினால் வண்டியே உயரும் என்பார்.

2025 ஐப்பசியில் அதே பள்ளத்தில் மறுபடியும் 'டங்'. இந்தத் தடவை இறங்கிப் படுத்துப் பார்த்தோம். சம்புக்கு நேர் கீழே தகட்டில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு கீறல். வேறு ஒன்றும் இல்லை. மாமா சாவியைத் திருப்பிவிட்டு, என்னைப் பார்த்து, "மாப்ள, விளக்கு எரியுதா பாரு" என்றார்.

— பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு