உப்புக் குவியலும் கரிக் குவியலும்

மரக்காணம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்வரும் நம் வணிகர்கள் அந்த உப்பளங்களைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. தை பிறந்ததும் பாத்தி கட்டுகிறார்கள். வெயில் மாதங்களில் உப்பு வாரிக் குவிக்கிறார்கள். ஐப்பசி மழைக்கு முன் குவியலை மூடிவிடுகிறார்கள். மழைக்காலத்தில் நம் கடைக்கு வருவது அந்த இருப்புதான். இருப்பு குறைந்தால் மூட்டை விலை ஏறும். இது நமக்குப் பழகிய கணக்கு.

இதே கணக்கில் ஒரு நாட்டின் மின்சாரமும் ஓடுகிறது என்றால் வியப்பாக இருக்கும். அந்த நாடு, நமக்கு அடுத்த வீடான இலங்கை.

1990களின் தொடக்கத்தில் இலங்கையின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மலையக அணைகளிலிருந்து வந்தது. தண்ணீருக்கு விலை இல்லை. ஆனால் 1996இல் மழை பொய்த்தது, அணைகள் வற்றின, நாடெங்கும் மின்வெட்டு வந்தது. தேவையோ ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருந்தது. எனவே டீசலிலும் உலை எண்ணெயிலும் ஓடும் நிலையங்கள் பெருகின. எண்ணெய் முழுவதும் கப்பலில் வர வேண்டும். டாலரில் பணம் கட்ட வேண்டும்.

எண்ணெயைவிட மலிவு என்று அடுத்து நிலக்கரிக்குப் போனார்கள். புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் முதல் 300 மெகாவாட் பிரிவு 2011இல் இயங்கத் தொடங்கியது. 2014இல் மூன்று பிரிவுகளும் சேர்ந்து 900 மெகாவாட் ஆயிற்று. புத்தளமும் உப்பளக் கடற்கரைதான்.

அங்கேயும் பருவக் கணக்கு உண்டு. நிலக்கரிக் கப்பல் கரைக்கு வருவதில்லை. கடலில் நிற்கும் கப்பலிலிருந்து பார்ஜுகளில் மாற்றி இறக்குகிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் இறக்க முடியாது. ஆகவே சுமார் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அடங்கியிருக்கும்போதே அடுத்த மாதங்களுக்கும் சேர்த்துக் குவித்துவிட வேண்டும். மரக்காணத்தில் மழைக்கு உப்பு, நுரைச்சோலையில் காற்றுக்குக் கரி.

குவிப்பதற்குக் கையில் பணம் வேண்டும். 2022இல் இலங்கையிடம் டாலர் இல்லை. மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 இலங்கை ரூபாயாக இருந்த டாலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. எண்ணெய் வாங்க வழியின்றி, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. கடையில் பாலும் தயிரும் ஐஸ்கிரீமும் என்ன ஆகியிருக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

பிறகு பில் வந்தது. ஒன்பது ஆண்டுகளாக ஏறாமல் இருந்த கட்டணம், 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பிப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் ஏறியது. அதாவது நூறு ரூபாய் பில் ஏறத்தாழ 290 ரூபாய். கொள்முதல் விலை ஏறும்போதெல்லாம் பழைய விலைக்கே விற்றுவந்த கடைக்காரர், ஒரே நாளில் பாக்கி முழுவதையும் வாடிக்கையாளர் தலையில் வைத்தது போல ஆயிற்று. பின்னர் மழையும் நாணய மதிப்பும் கைகொடுத்தபோது கட்டணம் ஓரளவு குறைந்தது. 2030க்குள் 70 சதவீத மின்சாரத்தை நீர், காற்று, சூரிய ஒளி ஆகியவற்றிலிருந்து பெற வேண்டும் என்பது அந்நாட்டின் இலக்கு.

நமக்கு இதில் என்ன? நம்மிடம் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. ஆனாலும் தூத்துக்குடி அனல் நிலையத்துக்குக் கரி கப்பலில்தான் வருகிறது. 2012இன் நீண்ட மின்வெட்டுகளை நம்மில் யாரும் மறக்கவில்லை. 2022 செப்டம்பரில் இங்கும் கட்டணம் உயர்ந்தது.

ஆகவே மின் கட்டணத்தை வாடகை போல நிலையான செலவாக எழுதாமல், சரக்குக் கொள்முதல் போல எழுதுவோம். மாதந்தோறும் யூனிட்டைப் பேரேட்டில் குறிப்போம். ஃப்ரீசரில் விற்கும் சரக்கின் லாபத்தில், ஃப்ரீசர் தின்னும் மின்சாரத்தைக் கழித்துப் பார்ப்போம். கதவு ரப்பர் தளர்ந்த பெட்டியை இந்த வாரமே சரிசெய்வோம். சொந்தக் கட்டடம் உள்ளவர்கள் மொட்டை மாடியில் சூரிய மின்தகடு போட்டால் எத்தனை ஆண்டில் முதல் திரும்பும் என்று கணக்குக் கேட்போம்.

வெயிலை முதலாக வைத்துத் தொழில் செய்வது மரக்காணத்தாருக்குப் புதிதல்ல. நாமும் ஒருமுறை யோசிக்கலாமே!