புழுங்கலரிசியும் பெரிபெரி நோயும்: நெகிரி செம்பிலான் அளித்த மருத்துவச் சான்று

உயிர்ச்சத்துகள் கண்டறியப்பட்ட வரலாற்றைக் கூறும் நூல்கள் பெரும்பாலும் ஜாவாவில் கிறிஸ்தியான் எய்க்மன் வளர்த்த கோழிகளிலிருந்து தொடங்கி, 1929ஆம் ஆண்டில் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுடன் நிறைவுறுகின்றன. அவ்வரலாற்றில் நெகிரி செம்பிலானுக்குரிய இடம் ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படுகிறது. மலேசியத் தமிழர் வாழ்வை ஆராய்வோர் இவ்விடத்தில் சற்று நின்று நோக்குதல் வேண்டும். கோழிகளிடம் கண்டது மனிதருக்கும் பொருந்துமா என்ற வினாவுக்கு விடை இம்மாநிலத்தில்தான் தெளிவாகக் கிடைத்தது. அவ்விடைக்கு வழிகாட்டியது தோட்டத் தமிழர் உலைப்பானையில் இட்ட அரிசி.

பெரிபெரி என்னும் பெயர் சிங்களச் சொல்லொன்றிலிருந்து பிறந்தது என்பது பரவலான கருத்து. இந்நோய் கால் மரத்துப்போவதில் தொடங்கும். கெண்டைக்காலை அழுத்தினால் வலிக்கும். முழங்காலைத் தட்டினால் எழும் துடிப்பு மறையும். நோயாளி குந்தி அமர்ந்தபின் கையூன்றாமல் எழ இயலாது. கருவிகள் ஏதுமற்ற இடங்களில் இந்தக் குந்தி எழும் சோதனையே நோயறியும் எளிய வழியாக இருந்தது. நோயின் மற்றொரு வகையில் உடல் நீர்கோத்து வீங்கி, இதயம் செயலிழந்து, சில நாள்களிலேயே மரணம் நேரும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய மலாய் மாநிலங்களின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் இந்நோய் பெருமளவில் உயிர் குடித்தது. மாண்டோருள் மிகப் பெரும்பாலோர் சீனர். கிராமங்களில் வாழ்ந்த மலாய்க்காரரிடம் நோய் அரிதாகவே காணப்பட்டது. தோட்டங்களில் மலேரியாவாலும் வயிற்றுப்போக்காலும் மடிந்துகொண்டிருந்த தமிழரிடமோ, பெரிபெரி மட்டும் ஏறக்குறைய இல்லை எனலாம். பிற நோய்கள் அனைத்துக்கும் எளிதில் இரையான ஒரு மக்கட் கூட்டம் இதற்கு மட்டும் தப்பியது எவ்வாறு? நெகிரி செம்பிலான் மாநில அறுவை மருத்துவராகப் பணியாற்றிய வில்லியம் லெனார்டு பிராடன் இவ்வினாவைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தார். 1907இல் வெளிவந்த அவரது பெருநூல், மூவினத்தாரின் உணவையும் ஒப்பிட்டு ஒரே வேறுபாட்டைச் சுட்டியது. சீனர் உண்டது, ஆலையில் வெண்மையாகத் தீட்டப்பட்ட சயாம் பச்சரிசி. மலாய்க்காரர் உண்டது, அவ்வப்போது வீட்டில் குத்திய புது அரிசி. தமிழர் உண்டது, இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த புழுங்கலரிசி.

நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்தி, பின்னர் உமி நீக்கும் முறையைத் தமிழ் வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை. ஆயின் அப்போது நெல்மணிக்குள் நிகழ்வது கருதத்தக்கது. தயாமின் என இன்று நாம் அழைக்கும் உயிர்ச்சத்து பி1, நெல்லின் முளைப்பகுதியிலும் தவிட்டுப் படலத்திலும் செறிந்துள்ளது. அது நீரில் கரையும் இயல்பினது. நெல் ஊறி வேகும்போது இச்சத்தின் ஒரு பகுதி மணியின் உட்பகுதிக்கு நகர்கிறது, மாவுப்பொருளும் இறுகுகிறது. பின்னர் ஆலையில் தீட்டினாலும் உட்சென்ற சத்து வெளியேறுவதில்லை. பச்சரிசியைத் தீட்டும்போது அது தவிட்டோடு போய்விடுகிறது. உடலில் இச்சத்தின் சேமிப்பு மிகக் குறைவு. சில வாரங்களே தாங்கும். அரிசியன்றி வேறு உணவு மிகுதியாகப் பெறாத கூலித் தொழிலாளர்க்கு அரிசியின் வகையே உயிரைத் தீர்மானித்தது.

பிராடன் உண்மையை முழுமையாக உணர்ந்தார் எனல் பொருந்தாது. பச்சரிசியில் தேக்கத்தால் உண்டாகும் ஏதோ ஒரு நஞ்சே நோய்க்குக் காரணம் என்று அவர் கருதினார். இல்லாத ஒன்றால் நோய் வரும் என்னும் எண்ணம் அக்கால மருத்துவருக்கு எளிதில் வாய்க்கவில்லை. இருப்பினும் அவரது ஒப்பீடு சரியானது. அவரை மறுத்தவர்களிடமும் நியாயம் இருந்தது. கோலாலம்பூரில் 1900இல் தோன்றிய மருத்துவ ஆய்வுக் கழகத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட், பெரிபெரி ஒரு தொற்றுநோய் என்றே வாதிட்டார். சீனர் சுரங்கக் கொட்டகைகளிலும் தமிழர் தோட்ட லயங்களிலும் வாழ்ந்தனர். வேலை, குடிநீர், இருப்பிடம் யாவும் வேறு. அரிசியை மட்டும் எவ்வாறு பிரித்தறிவது?

முதல் முயற்சி கோலாலம்பூர் மனநோயாளர் இல்லத்தில் நடைபெற்றது. வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் அங்கிருந்தோரை வரிசையில் நிறுத்தி எண்ணச் செய்து, ஒற்றைப்படை எண்ணினரை ஒரு பிரிவாகவும் இரட்டைப்படை எண்ணினரை மறு பிரிவாகவும் அமைத்தார். ஒரு பிரிவுக்குப் பச்சரிசி, மறு பிரிவுக்குப் புழுங்கலரிசி. 1907இல் அவர் வெளியிட்ட அறிக்கையின்படி பச்சரிசி உண்டோருள் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கலரிசி உண்டோருள் ஒருவரும் அந்நோயால் இறக்கவில்லை.

அடைபட்ட இல்லமொன்றில் கிடைத்த இம்முடிவை வெளியுலகில் சோதிக்கவே ஹென்றி பிரேசரும் அம்புரோஸ் தாமஸ் ஸ்டாண்டனும் 1907இல் ஜெலுபு மாவட்டத்தின் டுரியான் தீப்புஸ் பகுதியைத் தேர்ந்தனர். அன்று அது கன்னிக்காடு. முன்னர் மனிதர் குடியிருந்திராத இடமாதலால், பழைய குடியிருப்பிலிருந்து நோய் தொற்றியது என்று எவரும் கூற இயலாது. அங்குச் சாலை அமைக்க வந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு பச்சரிசியும் மற்றது புழுங்கலரிசியும் பெற்றது. சுமார் மூன்று மாதங்களில் பச்சரிசிக் குழுவில் நோய் தோன்றியது. அவர்களுக்குப் புழுங்கலரிசி கொடுத்ததும் நின்றது. பின்னர் முறை மாற்றப்பட்டது. அதுவரை நலமாயிருந்த குழு பச்சரிசிக்கு மாறியதும் அதிலும் நோய் தலைகாட்டியது.

இவ்வாய்வின் வலிமை அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து. இடம் ஒன்று, வேலை ஒன்று, மக்கள் ஒரே இனத்தவர். மாறியது அரிசி மட்டுமே. சோதிக்கப்பட்டோர் தமிழர் அல்லர் என்பதும் இங்கே முக்கியமாகிறது. தமிழரின் உடலமைப்பில் ஏதோ தனித்த காப்பு உண்டு என்னும் வாதத்திற்கு இதன்பின் இடமில்லை. புழுங்கலரிசி யாரைக் காத்தாலும் காத்தது.

எனினும் இவ்வெற்றியைத் தயக்கமின்றிப் பாராட்ட நம்மால் இயலவில்லை. ஒப்பந்தத்தால் கட்டுண்ட கூலிகளிடமும் மனநோயாளர் இல்லத்தில் அடைபட்டோரிடமும் இன்றைய பொருளில் இசைவு கேட்கப்பட்டிருக்க வாய்ப்பில்லை. மனித ஆய்வுக்கான நெறிகளை வகுத்த எல்சிங்கி அறிக்கை 1964இல்தான் வந்தது. இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்துவதும் தவறாகும். ஜெலுபுவில் நோய் கண்டதும் அரிசி மாற்றப்பட்டது. கோலாலம்பூரில் பதினெட்டு மரணங்கள் நேர்ந்தன.

ஆய்வுக்கூடத்தில் கோழிகளைக் கொண்டு, காக்கும் பொருள் தவிட்டில் உள்ளது என்பதையும் பிரேசரும் ஸ்டாண்டனும் நிறுவினர். 1910இல் மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தீட்டிய வெள்ளரிசியை இடைவிடாது உண்பதற்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஏற்றது. ஈராண்டில் காசிமிர் ஃபங்க் உயிர்ச்சத்து என்னும் கருத்துக்குப் பெயரிட்டார். 1926இல் தயாமின் பிரித்தெடுக்கப்பட்டது.

இவ்வறிவு பரவிய பின்னரே தோட்டத் தமிழரைப் பெரிபெரி பெருமளவில் தாக்கியது என்பது வரலாற்றின் கொடிய முரண். ஜப்பானியர் காலத்தில் கடல்வழி அரிசி வரத்து குலைந்து, மரவள்ளிக்கிழங்கு முதன்மை உணவாயிற்று. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தொழிலாளர்க்குக் கிடைத்தது தீட்டிய அரிசி, அதுவும் போதாத அளவில். வாந்திபேதி, மலேரியா ஆகியவற்றோடு பெரிபெரியும் அங்கே அவர்களைச் சூழ்ந்தது. இரு தலைமுறைக்கு முன் அவர்தம் முன்னோரைக் காத்தது இன்னது என்பதைக் கட்டளையிட்டோர் அறிந்திருந்தாலும், தொழிலாளர்க்கு அரிசியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை.

தோட்டப்புற முதியோரை நேர்காணும் நம் ஆய்வாளர்கள் கூலி, கள்ளுக்கடை, தமிழ்ப்பள்ளி, கோயில் பற்றி விரிவாகக் கேட்கின்றனர். அரிசியைப் பற்றிக் கேட்பது குறைவு. போருக்கு முன் எந்த அரிசி வந்தது, எப்போது வெள்ளரிசிக்கு மாறினர் என்பன பதிவு பெறவேண்டிய செய்திகள். சோற்றை வடித்த கஞ்சியைக் குடித்தனரா, கொட்டினரா என்பதையும் கேட்டல் வேண்டும். அரிசியில் எஞ்சிய தயாமினின் ஒரு பங்கு அந்நீரில்தான் கரைந்திருக்கும். 1942ஐ நினைவில் கொண்டோர் இன்று தொண்ணூறு வயதை ஒட்டியவர்கள் அல்லது கடந்தவர்கள்.