பில்லில் வெறும் ‘120 மெஷ்’ என்று இருந்தால்

திருப்பூரில் பனியன் பிரிண்டிங் செய்பவர் கடையில் போய் ‘120 மெஷ்’ கேட்டால் இரண்டு விதமான ஸ்கிரீன் துணி கிடைக்கலாம். ஒன்று சென்டிமீட்டருக்கு 120 இழை ஓடுவது, மற்றது அங்குலத்துக்கு 120 இழை ஓடுவது. முதல் துணியை அங்குலக் கணக்கில் சொன்னால் 305. இரண்டாவதை சென்டிமீட்டர் கணக்கில் சொன்னால் 47. முதல் துணியின் கண், அதாவது இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, சுமார் 50 மைக்ரான். இரண்டாவதன் கண் அதைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அகலம். அலகு எழுதாத பில்லில் இரண்டும் ஒன்றுதான்.

கறுப்பு பனியனில் வெள்ளை அடிப்பதற்கு சென்டிமீட்டர் 120 துணியை மாட்டினால் வெள்ளை சாம்பலாக விழும். இரண்டு மூன்று முறை ஸ்குவீஜி இழுத்தாலும் அடியில் கறுப்பு தெரியும். நுண்புள்ளிப் (ஹாஃப்டோன்) படத்துக்கு அங்குல 120 துணியை மாட்டினால் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி முகமே அப்பிப்போகும். அச்சு கெட்டால் பனியன் கம்பெனி பிரிண்டிங் கூலியோடு நிற்காது. துணி, சாயம், கட்டிங் எல்லாவற்றையும் சேர்த்து ஜாப் ஒர்க்காரர் மேல் டெபிட் போடும். மீட்டர் கணக்கில் வாங்கிய மெஷ்ஷுக்கு லாட் கணக்கில் நட்டம்.

வாங்கிய அன்றே சோதித்துவிடலாம். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்றும் மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்கேலும் போதும். ஒரு மில்லிமீட்டருக்குள் 12 இழை தெரிந்தால் அது சென்டிமீட்டர் 120. நாலைந்து இழைதான் தெரிகிறது என்றால் அங்குல 120.

இழை எண்ணிக்கை மட்டும் தெரிந்தால் போதாது, நூலின் தடிமனும் வேண்டும். சென்டிமீட்டருக்கு 77 இழை கொண்ட துணி 48 மைக்ரான் நூலிலும் வருகிறது, 55 மைக்ரான் நூலிலும் வருகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் முதலாவதில் மை இறங்கும் திறந்த பரப்பு சுமார் 40 சதவீதம், இரண்டாவதில் 33 சதவீதம். போன மாதம் நன்றாக அடித்த அதே 77 இந்த மாதம் மை தரவில்லை என்றால் மையைக் குறை சொல்வதற்கு முன் நூலைப் பாருங்கள். நல்ல தயாரிப்பாளர்கள் 43-80, 77-55 என்று இரண்டு எண்ணையும் சேர்த்தே போடுவார்கள். ஒற்றை எண்ணோடு ரோல் விற்கும் கடையில் கேள்வி கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இனி வரும் மெஷ் எண் எல்லாம் சென்டிமீட்டர் கணக்கு. கறுப்புத் துணியில் மற்ற நிறங்களுக்கு அடியில் போகும் வெள்ளை அண்டர்பேஸுக்கும் பட்டையான பிளாஸ்டிசால் அச்சுக்கும் 43 முதல் 62 வரை பொருந்தும். வாட்டர்பேஸ், டிஸ்சார்ஜ் மைகள் நுண்ணிய கண்ணுக்குள் காய்ந்து அடைத்துக்கொள்ளும் என்பதால் அவற்றுக்கும் ரொம்ப மேலே போகாமல் இருப்பது நல்லது. கிளிட்டர் தனிக்கதை. 200 மைக்ரான் செதிலை 150 மைக்ரான் கண்ணுள்ள 43-இல் ஊற்றினால் பசை மட்டும் இறங்கும், மினுக்கு மேலேயே தங்கிவிடும். அதற்கு 10 முதல் 16 வரையான முரட்டு மெஷ் வேண்டும். நுண்புள்ளிப் படத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: அங்குலத்துக்கு எத்தனை புள்ளி வரியோ, மெஷ் அதைப்போல் நான்கைந்து மடங்கு. 55 வரி என்றால் அங்குலக் கணக்கில் 220 முதல் 275, அதாவது சென்டிமீட்டரில் 87 முதல் 108. டிசைனர் அங்குலத்தில் பேசுவார், கடைக்காரர் சென்டிமீட்டரில் பேசுவார். குழப்பம் அதிகம் நடக்கும் இடம் இதுதான்.

பிரேம் வாங்கும்போது வெளியளவைச் சொல்லி விற்பார்கள். நமக்கு வேண்டியது உள்ளளவு. 20×24 அங்குல அலுமினிய பிரேமில் பட்டை ஒன்றரை அங்குலம் என்றால் உள்ளே மிஞ்சுவது 17×21. பக்கவாட்டில் மூன்று மூன்று அங்குலமும், மை தேங்கி நிற்க மேலும் கீழும் நான்கு நான்கு அங்குலமும் விட்டால் அச்சுக்குக் கிடைப்பது 11×13. ஏ4 தாராளமாக விழும். ஏ3 விழாது, ஏனென்றால் அதன் அளவு 11.7×16.5. ஓரத்தில் இடம் விடாமல் ஏ3-ஐத் திணித்தால் பிரேம் அருகில் மெஷ் வளையாமல் முரண்டு பிடித்து, கோடு இழுபட்டு, அடுத்த கலர் பொருந்தாமல் போகும். ஏ3 அடிப்பவருக்கு உள்ளளவே ஏறக்குறைய 18×25 வேண்டும்.

மரச்சட்டம் மலிவு. ஆனால் தண்ணீரில் கழுவக் கழுவ முறுக்கிக்கொள்ளும், மெஷ்ஷும் தளரும். ஒரே கலர் வேலைக்கு அது பரவாயில்லை. நான்கு கலர் ஆர்டருக்கு மரத்தை நம்பாதீர்கள் என்பேன். மெஷ்ஷின் இழுவிசை சென்டிமீட்டருக்கு 20 நியூட்டனுக்குக் கீழே இறங்கினாலே ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது கலரோடு கலர் பொருந்துவது, ஆட்டம் காணத் தொடங்கும். பிரேமில் மெஷ் ஒட்டித் தரும் கடையில் டென்ஷன் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், அந்த எண்ணையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

படம் பதிக்க மெஷ்ஷில் பூசும் எமல்ஷனில் இருப்பது வேறு ஆபத்து. விலை குறைவு என்று இன்றும் பைக்ரோமேட் கலக்கும் பட்டறைகள் உண்டு. அந்த ஆரஞ்சு உப்பில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. கையில் ஆறாத புண் வரும், மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழும். டயசோ, போட்டோபாலிமர் எமல்ஷன்கள் கிடைக்கிற காலத்தில் இதைத் தொட எந்த நியாயமும் இல்லை. குரோமியத்தால் வரும் நோய்கள் இஎஸ்ஐயின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. தோலில் புண் கண்ட தொழிலாளி மருத்துவரிடம் என்ன வேலை, என்ன ரசாயனம் என்று சொல்லிப் பதிய வைத்தால்தான் பின்னால் உரிமை கோர முடியும். ஸ்கிரீன் கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடுவதும் சின்ன விஷயம் இல்லை. நொய்யல் ஆற்றின் மாசுக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

தவறான மெஷ் வந்துவிட்டால் என்ன செய்வது? 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இங்கே உதவும். எந்த வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, விற்பவரின் தொழிலறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே அடங்கிய நிபந்தனை. அதனால் ஆர்டரை இப்படி எழுதி அனுப்புங்கள்: “கறுப்பு காட்டன் நிட், வெள்ளை பிளாஸ்டிசால், சென்டிமீட்டருக்கு 43, நூல் 80 மைக்ரான், பாலியெஸ்டர், மூன்று மீட்டர்.” வாட்ஸ்அப் போதும், அழிக்காமல் வைத்திருங்கள். ரோலில் ஒரு துண்டு வெட்டி பில்லோடு பின் பண்ணுங்கள். குறை தெரிந்தால் உடனே எழுத்தில் சொல்லுங்கள். நியாயமான காலத்துக்கு மேல் பேசாமல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும்.

வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று கடைக்காரர் சொல்லக்கூடும். பெரிய கம்பெனிக்கு அது பொருந்தும். ஆனால் சொந்தக் கையுழைப்பில் பிழைப்புக்காக மட்டும் பொருள் வாங்கியவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது அந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம்; ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற ரப்பர் ஸ்டாம்ப் அதற்கு முன் நிற்காது. முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். தீரவில்லை என்றால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான கொள்முதலுக்குக் கட்டணம் கிடையாது.

பனியன் கம்பெனி கூலியைப் பிடித்து வைத்தால் துணைக்கு வருவது 2006ஆம் ஆண்டு சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டம். வேலை முடிந்து பீஸ் போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், சரக்கை ஏற்றுக்கொண்டதாக வைத்துப் பணம் தரும் கெடு ஓடத் தொடங்கும். ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும் அந்தக் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. மூன்று மாதம் கழித்து வரும் டெபிட் நோட்டை எதிர்க்க இந்த 15 நாள் கணக்கு நல்ல ஆயுதம். அதனால் டெலிவரி சலானில் தேதியும் கையெழுத்தும் வாங்குவதையும், ஸ்ட்ரைக் ஆஃப் என்னும் மாதிரி அச்சில் கம்பெனியின் ஒப்புதல் வாங்குவதையும் விடாதீர்கள். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவை ஆர்டர் எடுப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பிரச்சினை வந்தபின் பதிந்தால் பழைய பாக்கிக்கு அது செல்லுமா என்பதே வழக்காகிவிடும். புகாரை இணையதளம் வழியாக, இந்தச் சட்டப்படி அமைந்த வசதியாக்கக் கவுன்சிலுக்கு அனுப்பலாம். கவுன்சில் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக நினைக்கும் கம்பெனி, தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.