மோட்டார் சைக்கிள் முன்கண்ணாடி: எந்தச் சரக்கு நல்லது?

சனிக்கிழமை ஷிப்டு முடிந்ததும் பெங்களூரில் இருந்து ஊருக்குப் புறப்படும் தமிழர்களில், பஸ்சுக்குக் காத்திருக்க மனம் இல்லாதவர்கள் பலர். பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் வேலை முடிந்த கையோடு, துணிப்பையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பி விடுகிறார்கள். அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர். அதற்கு மேல் சூளகிரி, கிருஷ்ணகிரி. கிருஷ்ணகிரி வரைக்கும் சுமார் 90 கிலோ மீட்டர்.

மார்கழி மாதத்தில் இந்தப் பாதையில் இரவு வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். குளிர் காற்று சட்டை பட்டன் வழியாகப் புகுந்து நெஞ்சைப் பிடிக்கும். முன்னால் ஜல்லி லாரி போனால் பொடிக்கல் தெறிக்கும். வண்டியின் வேகம் 40 கிலோ மீட்டரில் இருந்து 80 ஆனால், காற்றின் அழுத்தம் இரண்டு மடங்கு ஆவது இல்லை. நான்கு மடங்கு ஆகிறது. அதனால்தான் வாரா வாரம் ஊருக்குப் போகிறவர்கள், வண்டிக்கு முன்னால் ஒரு விண்ட்ஷீல்டு போட்டால் என்ன என்று யோசிக்கிறார்கள்.

யோசித்தவர் ஜே.சி. ரோட்டில் உள்ள ஏதாவது ஒரு உதிரி பாகக் கடைக்குப் போகிறார். அங்கே ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிகள் தொங்குகின்றன. இரண்டும் பளபளவென்று இருக்கின்றன. ஒன்றின் விலை குறைவு, மற்றது அதிகம். என்ன வித்தியாசம் என்று கேட்டால், "ரெண்டும் பைபர்தான் சார், இது கொஞ்சம் ஒஸ்தி" என்று பதில் வருகிறது. கையில் உள்ள பணத்துக்கு ஏற்றதை வாங்கிக்கொண்டு வருகிறார்.

இரண்டும் பைபர் அல்ல. ஒன்று அக்ரிலிக். மற்றது பாலிகார்பனேட். இரண்டும் பிளாஸ்டிக் ஜாதிதான் என்றாலும் குணம் வேறு.

நிஜக் கண்ணாடியைப் போட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அதில் கீறல் எளிதில் விழாது என்பது உண்மை. ஆனால் அதே கன அளவுள்ள பிளாஸ்டிக் தகட்டைப் போல இரண்டு மடங்கு எடை. அதைக் கைப்பிடியோடு சேர்த்து மாட்டினால் வண்டியைத் திருப்புவதே சிரமம். கீழே விழுந்தால் உடைந்த கண்ணாடி எங்கே பாயும் என்று சொல்லத் தேவை இல்லை.

விமானத்தில் இருந்து வந்த சரக்கு

அக்ரிலிக் 1930-களில் விற்பனைக்கு வந்தது. ஜெர்மனியில் பிளெக்சிகிளாஸ் என்றும், இங்கிலாந்தில் பெர்ஸ்பெக்ஸ் என்றும் பெயர். இரண்டாம் உலகப் போரில் சண்டை விமானங்களுக்கு இதில்தான் கூண்டு செய்தார்கள். குண்டு பட்டு அது சிதறியபோது, சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் போய்விட்டன. அந்தக் கண்களுக்குச் சிகிச்சை செய்த லண்டன் டாக்டர் ஹரால்டு ரிட்லி ஒன்றைக் கவனித்தார். சில்லு உள்ளேயே கிடந்தாலும் கண் அதை எதிர்த்துச் சீழ் பிடிக்கவில்லை. 1949-ம் ஆண்டு அவர் அதே சரக்கில் லென்சு செய்து, கண்புரை நோயாளியின் கண்ணில் வைத்தார். பின்னாளில் மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியின் அரோலேப் நிறுவனம் 1992-ல் குறைந்த விலைக்குச் செய்யத் தொடங்கிய லென்சுகளும் இந்த வழியில் வந்தவைதான்.

கண்ணுக்குள் வைக்கும் அளவுக்குத் தெளிவான பொருள் அது. தன் மேல் விழும் வெளிச்சத்தில் 92 சதவீதத்தை உள்ளே விடும். வெயிலில் சுலபமாக மஞ்சள் ஆகாது. லேசான கீறல் விழுந்தால் பாலீஷ் போட்டுச் சரி செய்யலாம். விலையும் மலிவு. ஆனால் அந்த விமானிகளின் கதையிலேயே அதன் குறையும் இருக்கிறது. பலமான அடி பட்டால் அக்ரிலிக் உடையும். உடைந்த ஓரம் கூராக இருக்கும். சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு அடி தாங்கும் என்பது சரிதான். உடையவே உடையாது என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம்.

பாலிகார்பனேட் 1953-ல் கண்டுபிடிக்கப்பட்டது. ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெல், அமெரிக்காவில் டேனியல் பாக்ஸ் ஆகிய இருவர், ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே ஆண்டில் கண்டார்கள். சந்திரனில் நடந்தவர்கள் தலையில் கவிழ்த்திருந்த கண்ணாடிக் குடம் இந்தச் சரக்கு. பாட்டு கேட்ட சி.டி. தட்டும் இதுதான். சுத்தியால் அடித்தாலும் பள்ளம் விழுமே தவிர லேசில் சிதறாது. லாரிச் சக்கரத்தில் இருந்து தெறிக்கும் கல்லுக்கு இதுவே சரியான ஆள்.

ஆனால் இது மேலுக்கு மென்மையானது. நகத்தில் மண் இருந்தாலே கீறல் விழுந்துவிடும். ஆகவே இதன் மேல் கெட்டியான பூச்சு பூசி விற்கிறார்கள். அதற்கு ஹார்டு கோட்டிங் என்று பெயர். வெயிலைத் தாங்கும் காப்பும் வேண்டும். இந்த இரண்டும் இல்லாத மட்டமான தகடு, சில வருஷங்களிலேயே மஞ்சள் பூத்து மங்கிப் போகும். அதிக விலை கொடுத்து அதை வாங்குவதைவிட நல்ல அக்ரிலிக் எவ்வளவோ மேல்.

பெட்ரோல் செய்த வேலை

பீன்யாவில் கடைசல் பட்டறையில் வேலை செய்யும் தர்மபுரிக்காரர் ஒருவர், போனஸ் பணத்தில் விலை உயர்ந்த பாலிகார்பனேட் கண்ணாடி வாங்கி மாட்டினார். ஊருக்குப் போய் வந்ததில் கண்ணாடி முழுவதும் பூச்சி அடித்து ஒட்டியிருந்தது. பட்டறையில் கையில் படியும் கிரீசைப் பெட்ரோலில்தானே துடைக்கிறோம் என்று, அதே பழக்கத்தில் கண்ணாடியையும் துடைத்தார். அப்போதைக்குப் பளிச்சென்று ஆனது. சில நாட்களில் போல்ட்டு துளைகளைச் சுற்றி மயிரிழை போல வெடிப்புகள் ஓடின. மெக்கானிக்கிடம் காட்டினார்.

"பெட்ரோல் போட்டுத் துடைச்சீங்களாண்ணே?" என்று மெக்கானிக் கேட்டார். தலையை ஆட்டினார். "சுத்தியலுக்கு அசையாதது, அதுக்கு அசைஞ்சிடும்" என்றார் மெக்கானிக். அந்த மாதம் அவர் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தில் துண்டு விழுந்தது.

பெட்ரோல், தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் ஆகிய எதுவும் இதில் படக் கூடாது. அக்ரிலிக்கும் இவற்றுக்குப் பயந்ததுதான். ஈரத் துணியைப் பத்து நிமிடம் போர்த்தி வைத்தால் காய்ந்த பூச்சி ஊறி விடும். பிறகு நிறையத் தண்ணீர் விட்டு, லேசான சோப்பு நீரில் மெல்லிய பனியன் துணியால் துடைத்தால் போதும். காய்ந்த தூசியைச் சட்டைக் கையால் துடைப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். ஹெல்மெட்டின் முகத் தகடும் பெரும்பாலும் பாலிகார்பனேட் என்பதால், அதற்கும் இதே மருந்துதான்.

வாங்கும்போது

சிவாஜி நகரில் இருந்து அல்சூருக்கு ஆபீஸ் போய் வருகிற குமாஸ்தாவுக்கு அக்ரிலிக் தாராளமாகப் போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல ஹெல்மெட் வாங்கலாம். முன்கண்ணாடி இருக்கிறதே என்று ஹெல்மெட்டை விடுவது பைத்தியக்காரத்தனம். வாரம் தவறாமல் நெடுஞ்சாலையில் போகிறவர், பூச்சு உள்ள பாலிகார்பனேட்டுக்குப் பணம் சேர்த்து வாங்குவதே நல்லது.

கடைக்காரர் சொல்வதைச் சோதிக்க வழி உண்டு. வெட்டி எறிந்த துண்டு இருந்தால் கேட்டு வாங்கி மடக்கிப் பாருங்கள். பட்டென்று ஒடிந்தால் அக்ரிலிக். வளைந்து கொடுத்தால் பாலிகார்பனேட். துண்டு இல்லை என்றால் தகட்டில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புக் காகிதத்தில் பெயர் அச்சாகி இருக்கும். காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு விற்கிற இடத்தில் கொஞ்சம் ஜாக்கிரதை தேவை.

மாட்டுவதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். இந்தத் தகடு வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். அரை மீட்டர் அகலமுள்ள தகடு 30 டிகிரி சூடு ஏறினால் சுமார் 1 மில்லி மீட்டர் விரிகிறது. போல்ட்டுக்கு இறுக்கமாகத் துளை போட்டால் விரிய இடம் இல்லாமல் துளையில் இருந்தே வெடிக்கும். துளை சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். ரப்பர் வாஷர் போட வேண்டும். நட்டை ஸ்பானரில் தொங்கி முறுக்கக் கூடாது.

உயரமும் முக்கியம். கண்ணாடியின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு ஓரிரண்டு அங்குலம் கீழே நிற்கட்டும். பாதையை அதன் மேலாகப் பார்க்க வேண்டும். அதன் ஊடாக அல்ல. மோட்டார் சைக்கிள் கண்ணாடிக்கு வைப்பர் கிடையாது. மழை பெய்தால் ஊடாகப் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. கறுப்புச் சாயம் ஏற்றிய கண்ணாடி பகலில் ஜோராக இருக்கும்; இரவில் ஆபத்து. அபிமான நடிகரின் படத்தை ஒட்ட விரும்புகிறவர்கள் பெட்ரோல் டாங்கில் ஒட்டிக்கொள்ளலாம்.

கண்ணாடி எத்தனை நாள் உழைக்கும் என்பது அவரவர் கையில் இருக்கிறது. மாற்றும் நாள் வந்துவிட்டதா என்று இரவில்தான் தெரியும். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, குனிந்து, எதிரே வரும் லாரி விளக்கைக் கண்ணாடியின் ஊடாகப் பாருங்கள். விளக்கைச் சுற்றிச் சிலந்தி வலை போல வெளிச்சம் சிதறினால், வெடிப்பு ஒன்றும் இல்லை என்றாலும் அதைக் கழற்றி விடலாம்.